வலம்புரி ஒளியும் இடம்புரி ஒளியும்

முப்பரிமாணத் திரைப்படம் காண்போருக்குத் திரையரங்குகளில் தரப்படும் கண்ணாடிகளுள் ஒருவகை, எளிய ஆய்வொன்றுக்கு இடம்தருவது. அதை அணிந்து நிலைக்கண்ணாடியின் முன் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டால், திறந்திருக்கும் கண்ணின் முன்னுள்ள வில்லை கறுத்துத் தோன்றும். மூடிய கண்ணின் முன்னுள்ள வில்லையோ தெளிவாகத் தெரியும். வில்லையின் வழியே வெளியேறும் ஒளி ஒருபுறமாகத் திருகிச் செல்கிறது. நிலைக்கண்ணாடியில் பட்டு மீளும்போது அத்திருகு எதிர்ப்புறமாக மாறிவிடுகிறது. மாறிய ஒளியை அதே வில்லை உள்ளே விடுவதில்லை. மற்றொரு வில்லை விடுகிறது. வில்லையின் துணையின்றி இவ்வேறுபாட்டை மனிதக்கண் ஏறத்தாழ உணர்வதேயில்லை. மனிதன் செய்த மின்னணுக் கண்களும் நெடுங்காலம் அவ்வாறே இருந்தன. அந்நிலை இப்போது மாறத் தொடங்கியிருக்கிறது. மாற்றத்தைக் கொண்டுவந்திருப்பது, நெகிழியை ஒத்த கரிமப் பொருள்கள்.

திருகிச் செல்லும் ஒளி

ஒளி ஒரு குறுக்கலை. அது செல்லும் திசைக்குச் செங்குத்தாக அதன் மின்புலம் அதிர்கிறது. கதிரவனின் ஒளியில் அவ்வதிர்வு எல்லாப் பக்கமும் ஒழுங்கின்றி நிகழும். அதிர்வு ஒரே தளத்தில் அடங்கினால் அது நேர்கோட்டுத் தளவிளைவு. அலை முன்னேற முன்னேற, அதிர்வின் திசை திருகாணியின் மரையைப்போல் சுழன்றுகொண்டே சென்றால் அது வட்டத் தளவிளைவு. அத்தகைய ஒளியைச் சுருக்கமாகச் சுழலொளி எனலாம். திருகாணியில் வலமரையும் இடமரையும் இருப்பதுபோலச் சுழலொளியிலும் இரண்டே வகை.

1808ஆம் ஆண்டு பாரிசு நகரில், இலக்சம்பர்க் அரண்மனைச் சாளரங்களில் பட்டுத் தெறித்த வெயிலைக் கால்சைட்டுப் படிகத்தின் வழியே நோக்கிய மாலஸ், எதிரொளிப்பினாலும் தளவிளைவு உண்டாவதைக் கண்டார். அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் ஃபிரெனெல், நேர்கோட்டுத் தளவிளைவையும் வட்டத் தளவிளைவையும் பிரித்தறிந்து பெயரும் இட்டார்.

இடம், வலம் என்னும் பெயர்களிலேயே ஒரு சிக்கல் உண்டு. தூத்துக்குடிக் கடலில் மூழ்கி எடுக்கும் சங்குகளில் மிக அரிதாகக் கிடைப்பதைத் தமிழர் வலம்புரி எனப் போற்றுவர். விலங்கியல் நூல்களோ அதே சங்கை இடப்புறம் சுருண்டது என எழுதும். சங்கு மாறவில்லை, அதைப் பிடித்துப் பார்க்கும் முறைதான் மாறியது. ஒளிமூலத்தை நோக்கி நிற்பவருக்கு வலமாகச் சுழலும் ஒளி, ஒளிமூலத்தின் பக்கம் நிற்பவருக்கு இடமாகச் சுழல்வதாகத் தோன்றும். ஒளியியலாரில் பலர் முதல் முறையையும் மின்பொறியியலார் இரண்டாம் முறையையும் பின்பற்றுகின்றனர். எந்த முறையைக் கைக்கொண்டது என்று கூறாத ஆய்வுக்கட்டுரை, செய்தியின் பாதியை மட்டுமே தருகிறது.

சுழலொளியைக் கண்ணுக்குப் புலப்படாத வடிவ விந்தை என்று ஒதுக்கிவிட முடியாது. ஒளித்துகளுக்குத் தற்சுழற்சி உண்டு என்பதற்கு, ஒளிச்சிதறல் ஆய்வின் வழியே 1931இல் சான்று காட்டியவர்கள் சி. வி. ராமனும் பகவந்தமும். 1936இல் பெத் என்னும் அமெரிக்க இயற்பியலார், மெல்லிய குவார்ட்ஸ் இழையில் தொங்கவிட்ட தகட்டின் வழியே சுழலொளியைச் செலுத்தினார். தகடு திருகியது. ஒளி தன் சுழற்சியைப் பொருளுக்குக் கையளிக்கிறது என்பது அவ்வாறு கண்கூடாயிற்று.

இனி, உயிர்களின் உலகமோ கைத்தன்மையால் ஆனது. ஒரு பொருளும் அதன் ஆடிபிம்பமும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாதிருப்பதே கைத்தன்மை. இடக்கையும் வலக்கையும் அவ்வாறே பொருந்தாதவை. 1848இல் லூயி பாஸ்டர், டார்டாரிக் அமில உப்பின் படிகங்களை இடக்கிடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, இடவகை, வலவகை என இரு குவியலாக்கினார். இரண்டின் கரைசல்களும் ஒளியின் தளத்தை எதிரெதிர்ப் புறமாகச் சுழற்றின. புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்கள் இடக்கை வகையாகவும், மரபணுவில் உள்ள சர்க்கரை வலக்கை வகையாகவும் அமைந்திருப்பது பின்னர்த் தெளிவாயிற்று.

சுழலொளியை உண்டாக்கும் உயிரினங்களும் உண்டு. பொன்னிற வண்டு ஒன்றின் முதுகில் எதிரொளிக்கும் ஒளி சுழலொளியாக இருப்பதை 1911இல் மைக்கல்சன் கண்டறிந்தார். அதை உணரும் உயிரினம் நெடுங்காலம் அகப்படவில்லை. கும்பிடுபூச்சியைப் போல் முன்கால்களை மடித்து வைத்திருக்கும் மான்டிஸ் இறால் என்னும் கடல்வாழ் உயிரி, இடச்சுழலையும் வலச்சுழலையும் கண்ணாலேயே பிரித்தறிகிறது என்பதை 2008இல் ஆய்வாளர்கள் மெய்ப்பித்தனர். அதன் கண்ணிலுள்ள ஒருவகை உயிரணு, சுழலொளியை நேர்கோட்டு ஒளியாக மாற்றி, அடியிலுள்ள உணரணுக்களுக்கு அனுப்புகிறது.

வடிகட்டி போதாதா?

மான்டிஸ் இறாலின் கண் செய்வதையே ஆய்வுக்கூடக் கருவிகளும் செய்கின்றன. கால் அலைத்தகடு என்னும் படிகத்தகடு சுழலொளியை நேர்கோட்டு ஒளியாக மாற்றும். அதன்பின் வைத்த தளவிளைவாக்கி ஒரு தளத்தை மட்டும் விடும். விட்டதைச் சிலிக்கான் டையோடு அளக்கும். சிலிக்கானுக்கு இந்த முன்னேற்பாடு இன்றியமையாதது. அதன் படிக அமைப்பில் இடமும் இல்லை, வலமும் இல்லை. எப்புறம் சுழலும் ஒளியையும் அது ஒரே மின்னோட்டமாகவே மாற்றும்.

கால் அலைத்தகடு ஓர் அலைநீளத்துக்குத்தான் துல்லியமாகப் பொருந்தும். நிறம் மாறினால் பிழையும் கூடும். பெங்களூரில் ராமனின் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய எஸ். பஞ்சரத்தினம், சில தகடுகளைக் குறித்த கோணங்களில் இணைத்தால் பல நிறங்களுக்கும் பொருந்தும் தகடு கிடைக்கும் என்பதை 1955இல் காட்டினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்று. அடுத்த ஆண்டில் அவர் கண்டறிந்த ஒளிக்கட்ட வேறுபாடு இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

நல்ல வடிகட்டிகள் இருக்கும்போது புதிய பொருள் எதற்கு என்னும் வினா இங்கு எழும். அதை எளிதில் தள்ளிவிட இயலாது. வடிகட்டி வைத்த சிலிக்கான் கருவி, இடச்சுழலை ஏற்று வலச்சுழலை ஏறத்தாழ முற்றிலும் தடுக்கிறது. அது பல்லாண்டு உழைக்கிறது. விலையும் எட்டாத உயரத்தில் இல்லை. அவ்வினாவை எழுப்புவோர் சிலிக்கான் தொழிலின் காவலர்கள் அல்லர், அளவியலில் தேர்ந்தவர்கள். வடிகட்டியின் குறை வேறிடத்தில் உள்ளது. அது தன்மேல் விழும் இயற்கை ஒளியில் பாதியை வீணாக்குகிறது. கருவியைச் சிறிதாக்க முயலும்போது, ஒவ்வொரு படப்புள்ளியின்மேலும் இரண்டு அடுக்குகளை இம்மியும் பிசகாமல் ஒட்டவேண்டியிருக்கிறது. வளையும் பரப்பின்மேல் அது மேலும் கடினம். மேலும், ஒருமுறை ஒட்டிய தகடு ஒரே கைத்தன்மையைத்தான் அறியும். இரண்டையும் ஒரே நேரத்தில் அறிய இரண்டு கருவிகள் வேண்டும். உணரும் பொருளே கைத்தன்மை உடையதாக இருந்தால் இவ்வடுக்குகள் தேவைப்படமாட்டா. கரிமக் குறைகடத்திகளை நாடுவதற்கு உள்ள வலிமையான காரணம் இதுவே.

சுழற்படி போன்ற மூலக்கூறு

கரிமச் சேர்மங்கள் மின்காப்பிகள் என்றே ஒருகாலத்தில் எண்ணப்பட்டன. பாலிஅசிட்டிலீன் என்னும் பல்லுறுப்பி மின்னைக் கடத்துமாறு செய்யலாம் என்பதை ஷிராகாவா, மெக்டயார்மிட், ஹீகர் ஆகியோர் 1977இல் வெளியிட்டனர்; 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. கைப்பேசித் திரைகளில் இன்று ஒளிரும் கரிம டையோடுகள் அவ்வழியில் வந்தவை. இப்பொருள்களுள் பலவற்றைக் கரைப்பானில் கரைத்து, மையைப்போல் பூசிப் படலமாக்க முடியும். சிலிக்கானைப் போலன்றி, இவற்றின் மூலக்கூறுகளை வேதியியலார் விரும்பிய வடிவில் கட்டவும் முடியும்.

ஆறு பென்சீன் வளையங்களை வளைவாக ஒட்டிக்கொண்டே போனால், ஆறாவது வளையம் முதல் வளையத்தின்மேல் மோதும். மோதாதிருக்க அது சற்று மேலெழும். கிடைப்பது, கலங்கரை விளக்கத்தின் உள்ளே ஏறும் சுழற்படியைப் போன்ற மூலக்கூறு. அதன் பெயர் ஹெலிசீன். 1956இல் நியூமனும் லெட்னிசரும் ஆறு வளைய ஹெலிசீனைத் தொகுத்தனர். இது இடப்புறமாகவும் ஏறலாம், வலப்புறமாகவும் ஏறலாம். எதிரெதிர்த் திருகுடைய இவ்விரண்டும் ஆடிபிம்ப இரட்டையர்.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் அலாஸ்டர் கேம்பெல், மேத்யூ ஃபுச்டர் ஆகியோரின் குழுவினர், நைட்ரசன் அணு ஒன்றைக் கொண்ட ஹெலிசீனைப் படலமாக்கி டிரான்சிஸ்டர் அமைத்து 2013இல் வெளியிட்டனர். 365 நானோமீட்டர் அலைநீளமுள்ள புறஊதாச் சுழலொளியை அதன்மேல் செலுத்தியபோது, ஒருபுறச் சுழலுக்கு அதன் மின்னோட்டம் உயர்ந்தது. மறுபுறச் சுழலுக்கு அவ்வாறு உயரவில்லை. இரட்டையருள் மற்றொன்றைக் கொண்டு செய்த டிரான்சிஸ்டர் இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டது. இடையில் தகடும் இல்லை, வடிகட்டியும் இல்லை.

இவ்வாய்வின் சிறப்பு அந்த இரட்டையர் சோதனையில் இருக்கிறது. ஒரு கருவி மட்டும் ஒருபுறச் சுழலுக்கு மிகுதியாக விடையளித்தால், குற்றம் விளக்கிலோ, கண்ணாடிப் பலகையிலோ, வைத்த கோணத்திலோ இருக்கலாம். கைத்தன்மையைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் ஒத்த இரு கருவிகள் எதிரெதிர் விடை தரும்போது, காரணம் மூலக்கூறின் திருகே என்பது உறுதியாகிறது.

ஒரு பாகையின் கதை

கைத்தன்மையை உணரும் திறனைச் சமச்சீரின்மைக் காரணி என்னும் எண்ணால் குறிப்பர். இடச்சுழலுக்கும் வலச்சுழலுக்கும் கிடைக்கும் விடைகளின் வேறுபாட்டை அவற்றின் சராசரியால் வகுத்தால் இவ்வெண் கிடைக்கும். இரண்டுக்கும் ஒரே விடையெனில் சுழியம். ஒன்றை முற்றிலும் ஏற்று மற்றதை முற்றிலும் மறுத்தால் 2. கரைசலில் தனித்தனியாக மிதக்கும் சாதாரணக் கரிம மூலக்கூறுகளுக்கு இது பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒட்டியே அமைகிறது.

ஏன் இவ்வளவு சிறிது? 365 நானோமீட்டர் அலைநீளச் சுழலொளி, ஒருமுறை முழுதாகச் சுழல 365 நானோமீட்டர் தொலைவு செல்லவேண்டும். மூலக்கூறின் நீளமோ ஏறத்தாழ ஒரு நானோமீட்டர். அதைக் கடக்கும்போது ஒளியின் திருகு ஒரு பாகை அளவே திரும்பியிருக்கும். அந்த ஒரு பாகையைக் கொண்டு இடமா வலமா என்று மூலக்கூறு முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது. ஒளியை வலுவாக உறிஞ்சும் மூலக்கூறுகளில் இவ்வெண் மேலும் சிறுத்துவிடுவதும் உண்டு. நன்றாக விழுங்குபவன் சுவை பார்ப்பதில்லை போலும்!

இதற்கு விடை பொன்வண்டின் முதுகிலேயே இருக்கிறது. அங்கே மெல்லிய அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிறிது சிறிதாகத் திரும்பி அடுக்கப்பட்டு, ஒளியின் அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க பெரிய திருகாகின்றன. கரிமப் படலத்திலும் மூலக்கூறுகளை அவ்வாறு அடுக்கினால் காரணி பலமடங்கு உயர்கிறது. தானே கைத்தன்மையற்ற பல்லுறுப்பியுடன் சிறிதளவு ஹெலிசீனைக் கலந்தாலும் முழுப் படலமும் கைத்தன்மை பெறுகிறது. உறைமோர் இட்ட பாலைப்போல, சிறுதுளி பெருங்கலத்தைத் தன் வயமாக்குகிறது. தொகுக்கவும் இரட்டையரைப் பிரிக்கவும் பெருஞ்செலவாகும் ஹெலிசீனைச் சிறிதளவே பயன்படுத்தலாம் என்பது இம்முறையின் ஆதாயம்.

எண்ணைப் பெரிதாக்கும் ஓட்டம்

துறையின் உண்மையான சிக்கல் இங்குதான் தொடங்குகிறது. படலம் தடித்து ஒழுங்கும் பெறும்போது, வேறு விளைவுகளும் உடன் நுழைகின்றன. படலத்தின் ஒரு பகுதி நேர்கோட்டு ஒளியைத் திசைக்கேற்ப உறிஞ்சும். மற்றொரு பகுதி இரட்டை விலகலால் ஒளியின் வகையையே மாற்றும். இரண்டும் சேர்ந்தால், மூலக்கூறின் கைத்தன்மையோடு நேர்த்தொடர்பற்ற பெரிய எண் கருவியில் தோன்றும். கரிம டையோடுகள் உமிழும் ஒளியிலோ, படலத்தின் தடிமனை மாற்றினாலே சுழலின் புறம் தலைகீழாக மாறியதும் பதிவாகியுள்ளது.

அவ்வாறு தோன்றும் எண்ணைப் பொய் எனல் தகாது. கருவி உண்மையாகவே சுழலொளியைப் பிரித்தறியக்கூடும். ஆயினும் அதை மூலக்கூறின் திறனாக அறிவிப்பது முறையன்று. படலத்தைத் திருப்பி வைத்து மறுபுறத்திலிருந்து ஒளியைச் செலுத்தினால், உண்மையான கைத்தன்மையால் வரும் விடை மாறாது. இவ்வாறு உடன்புகுந்த விளைவின் குறியோ மாறிவிடும். வலம்புரிச் சங்கை எப்புறம் திருப்பினாலும் அது இடம்புரி ஆகாதது இதனோடு ஒப்பிடத்தக்கது. மறுபுற அளவீடும், இரட்டையர் இருவரின் அளவீடும், இரண்டையும் சமமாகக் கலந்த படலத்தின் அளவீடும் இல்லாமல் வெளியிடப்படும் பெரிய எண்களுக்கு மதிப்பளிக்கலாகாது. 0.1 என்னும் காரணியை இம்மூன்று சோதனைகளோடும் தரும் ஆய்வு, 1 என்னும் காரணியை ஒரே அளவீட்டில் தரும் ஆய்வைவிட மேலானது.

பயன்பாடுகளைப் பற்றிய பேச்சிலும் இத்தகைய மிகை காணப்படுகிறது. தொலைதூரக் கோள்களில் உயிர்கள் உண்டா என்பதைச் சுழலொளியால் அறியலாம் என்னும் கருத்து அறிவியலடிப்படை உடையது. பச்சிலைகளில் பட்டு மீளும் ஒளியில் சிறிதளவு சுழலொளி இருப்பது அளந்து கண்ட உண்மை. ஆனால், அது மொத்த ஒளியில் ஒரு விழுக்காட்டை எட்டுவதே அரிது. 0.1 காரணியுள்ள கருவி, ஒரு விழுக்காடு சுழலொளியைச் சந்தித்தால் அதன் மின்னோட்டத்தில் நேரும் மாற்றம் பத்தாயிரத்தில் ஐந்து பங்கு. பூச்சு முறையில் செய்யப்படும் இரு கருவிகளுக்கிடையே இயல்பாக இருக்கும் வேறுபாடே இதைவிடப் பெரிது. வானியலுக்கு வடிகட்டியும் சிலிக்கானும் இன்னும் நெடுங்காலம் தேவைப்படும்.

தாலிடோமைடு மருந்தின் துயரமும் இத்துறையின் முன்னுரைகளில் அடிக்கடி இடம்பெறுகிறது. 1957இல் மேற்கு செருமனியில் விற்பனைக்கு வந்த அம்மருந்தைக் கருவுற்ற பெண்கள் உட்கொண்டதால், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக்குறையோடு பிறந்தனர். 1961இல் அது திரும்பப்பெறப்பட்டது. இரட்டை வடிவங்களுள் ஒன்றே தீங்கானது, அதைப் பிரித்திருந்தால் போதும் என்று கூறுவதோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். அவ்விரு வடிவங்களும் உடலுக்குள் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை; பிரித்துக் கொடுத்திருந்தாலும் தீங்கு நேர்ந்திருக்கும். மருந்துகளின் கைத்தன்மையை அளக்கும் மலிவான கருவி வேண்டும் என்பதற்கு இத்துயரத்தைச் சான்றாக்க வேண்டியதில்லை. இன்று அதை அளக்கும் கருவிகள் மேசை அளவினவாகவும் விலை மிகுந்தனவாகவும் இருப்பதே போதுமான காரணம்.

கரிமக் கருவிகள் முதலில் பொருந்தும் இடம், ஒளிமூலமும் மனிதன் கையில் இருக்கும் இடம். அங்கே சுழலொளியைத் தூயதாகவும் வலிமையாகவும் அனுப்ப முடியும். அலைநீளத்தைவிடப் பெரிய துளிகளிடையே பலமுறை சிதறினாலும், நேர்கோட்டு ஒளியைவிடச் சுழலொளி தன் இயல்பை நெடுந்தொலைவு காக்கிறது. மூடுபனியின் ஊடே பொருள்களை அறியவும், திசுக்களின் ஊடே நோயை அறியவும் இப்பண்பைப் பயன்படுத்தும் ஆய்வுகள் நடைபெறுகின்றன. இத்தகைய பணிகளுக்கு இரட்டையர் இருவரையும் அருகருகே அச்சிட்டு, இரு மின்னோட்டங்களின் வேறுபாட்டை மட்டும் எடுக்கலாம். விளக்கின் ஏற்றத்தாழ்வு இரண்டிலும் ஒருசேர நிகழ்வதால் கழிந்துவிடும். சுழலின் புறம் மட்டும் எஞ்சும். காரணி 2ஐ எட்டவேண்டிய கட்டாயமும் அங்கு இல்லை.

கைப்பேசித் திரையிலும் இப்பொருள்களுக்கு வேலை உண்டு. வெளிவெளிச்சம் திரையில் பட்டுக் கண் கூசாதிருக்க, கரிமத் திரைகளின்மேல் வட்டத் தளவிளைவாக்கி ஒட்டப்படுகிறது. அது திரை உமிழும் ஒளியிலும் பாதியை விழுங்கிவிடுகிறது. உமிழும் பொருளே தகுந்த சுழலொளியை உமிழ்ந்தால் அந்த இழப்பு குறையும். மின்கலமும் கூடுதல் நேரம் தாங்கும். உணரும் கருவிக்காகச் செய்யப்படும் வேதியியல் உழைப்பு இவ்வாறு வேறிடத்திலும் பயன்படுகிறது.

தடையாக நிற்பது ஆயுள். கரிமக் குறைகடத்திகளுள் பல, காற்றிலுள்ள ஆக்சிசனாலும் ஈரத்தாலும் சிதைபவை. ஒளியே அவற்றைச் சிதைப்பதும் உண்டு. ஒளியை அளப்பதற்கென்றே வெயிலில் நிற்கவேண்டிய கருவிக்கு இது சிறிய குறையன்று. கைப்பேசித் திரைகளில் காற்றுப்புகா உறைகளால் இக்குறை பெரிதும் வெல்லப்பட்டது. அவ்வுறைகள் ஒளியை உள்ளே விடும்போது அதன் சுழலைக் கெடுக்காதிருக்க வேண்டும். நீட்டி இழுக்கப்பட்ட சாதாரண நெகிழித்தாளே இரட்டை விலகலால் சுழலொளியை மாற்றிவிடும். எனவே, உறையின் தேர்வும் மூலக்கூறின் தேர்வைப்போலவே சோதனைக்கு உரியது. கருவியை உறையிட்டு, மாதக்கணக்கில் வெளியில் வைத்து, அதன்பின் இரு புறச்சுழலுக்கும் அளந்த எண்களை ஆய்வுக்கட்டுரைகளில் முதல்நாள் எண்களுக்குப் பக்கத்திலேயே அச்சிடவேண்டும்.